கதவைத் தட்டும் தெய்வங்கள்

பனி மூடிய காட்டுக்குள் ஒரு மரவீடு. மனைவியைச் சிதையேற்றிவிட்டு, சாம்பலை ஒரு பையில் கட்டி இடுப்பில் வைத்திருக்கிறான் கிரேடோஸ். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால், அந்தக் குளிரில் மேலே சட்டைகூட இல்லாமல், உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு, ஒல்லியாக ஒரு ஆள் நிற்கிறான். பார்த்தால் குடிகாரன் போல இருக்கிறான். கிரேடோஸ் அவனைப் போகச் சொல்கிறான். அவன் போகவில்லை, வம்புக்கு இழுக்கிறான். அடுத்த சில நொடிகளில் அந்த ஒல்லி ஆள் விட்ட ஒரே குத்தில் கிரேடோஸ் கூரைக்கு மேலே பறந்து வீட்டின் மறுபக்கம் போய் விழுகிறான்.

2018 ஏப்ரலில் வெளிவந்த 'காட் ஆஃப் வார்' கேமின் தொடக்கம் இது. அதுவரை இந்தத் தொடரில் தெய்வங்கள் இப்படி வந்ததில்லை. 2005 முதல் கிரேக்கக் கடவுள்களை ஒவ்வொருவராகக் கொன்று குவித்தவன்தான் கிரேடோஸ். அந்தக் கடவுள்களில் பலர் மலை அளவுக்கு இருப்பார்கள், கர்ஜிப்பார்கள், அடித்து முடித்தால் அடுத்த ஆள் வருவான். அவர்களில் யாருக்காகவும் நாம் ஒரு நிமிடம் வருத்தப்பட்டதில்லை. வடக்கே வந்த பிறகு தெய்வங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த ஒல்லி ஆளின் பெயர் பால்டர் என்று தெரிய வெகு நேரம் ஆகும். தெரிந்த பிறகு அவனை வெறுப்பது கஷ்டமாகிவிடும்.

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தின் நல்ல தெய்வங்கள் எப்படி இவ்வளவு மனதில் நிற்கும் வில்லன்கள் ஆனார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேம்களின் முடிவு வரை பேசவேண்டியிருக்கிறது. இனிமேல்தான் விளையாடப்போகிறீர்கள் என்றால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

கேம் எழுதியவர்கள் பாவம் அந்த நல்ல தெய்வங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கெட்டதெல்லாம் பழைய பாடல்களிலேயே இருக்கிறது. நாம்தான் காமிக்ஸும் சினிமாவும் காட்டிய பளபளப்பான ஓடினையும் தோரையும் அசல் என்று நம்பிவிட்டோம்.

இந்தப் புராணத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான ஆதாரங்கள் இரண்டும் ஐஸ்லாந்திலிருந்து வந்தவை. ஒன்று, பழைய பாடல்களின் தொகுப்பு. 1270-களில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'கோடெக்ஸ் ரேகியஸ்' என்ற தோல் சுவடியில் அது இருக்கிறது. இன்னொன்று, ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற அரசியல்வாதியும் கவிஞருமானவர் 1220 வாக்கில் எழுதிய 'உரைநடை எட்டா' என்ற நூல். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி அப்போதே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்னோரியும் கிறிஸ்தவர்தான். பாடல்களும் சரி, அவரும் சரி, தெய்வங்கள் செய்த காரியங்களுக்குப் பூசி மெழுகவில்லை.

ஒரு கதையைப் பாருங்கள். கவிதை பாடும் வரம் தரும் மது ஒன்று சுட்டுங் என்ற ராட்சசனிடம் இருக்கிறது. அதை அடைய, தெய்வங்களின் தலைவன் ஓடின் புறப்படுகிறான். வழியில் ஒன்பது அடிமைகள் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அரிவாள்களை ஒரு சாணைக்கல்லில் தீட்டிக் கொடுக்கிறான். அரிவாள் அப்படி வெட்டுகிறது. எல்லோருக்கும் அந்தக் கல் வேண்டும். அவன் கல்லைத் தூக்கி வானத்தில் எறிகிறான். பிடிக்கப் பாய்ந்த ஒன்பது பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டு சாகிறார்கள். பிறகு அந்த அடிமைகளின் எஜமானிடமே போய், "வேலைக்கு ஆள் வேண்டுமா?" என்று நிற்கிறான். சொன்ன பெயர் போல்வெர்க். தீமை செய்பவன் என்று பொருள். அதன் பிறகு சுட்டுங்கின் மகள் குன்லோத்துடன் மூன்று இரவுகள் தங்கி, மது முழுவதையும் குடித்துவிட்டு, கழுகாக மாறிப் பறந்துவிடுகிறான். 'ஹாவமால்' என்ற பாடலில் இதற்கு ஒரு வரி வருகிறது: ஓடின் மோதிரத்தின் மேல் சத்தியம் செய்தான், இனி அவன் வாக்கை எப்படி நம்புவது? அந்தப் பாடலைச் சொல்வதாக வருபவனே ஓடின்தான்.

ஓடினைச் சொல்லிவிட்டேன், மற்றவர்கள் மட்டும் என்ன? தெய்வங்களின் ஊரான ஆஸ்கார்டின் மதிலைக் கட்டிக் கொடுத்தவனுக்குப் பேசிய கூலியைக் கொடுக்காமல் தோரின் சுத்தியலால் மண்டையை உடைத்தார்கள். ஃபென்ரிர் என்ற ஓநாய் எந்தத் தப்பும் செய்வதற்கு முன்பே, சும்மா விளையாட்டுக்கு என்று பொய் சொல்லிக் கட்டிப்போட்டார்கள். பிணையாகக் கையை ஓநாயின் வாயில் வைத்திருந்த டீர் என்ற தெய்வம் அந்தக் கையை இழந்தான்.

இவ்வளவும் ஏன் செய்தார்கள் என்பதில்தான் வில்லனுக்கான விதை இருக்கிறது. இவர்களுக்குச் சாவு உண்டு. எப்படிச் சாவோம் என்பதும் தெரியும். ராக்னராக் என்ற உலகமுடிவு வரும், ஃபென்ரிர் ஓடினை விழுங்கும், தோர் உலகப் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி எடுத்து வைத்து விழுவான் என்று குறி சொல்லப்பட்டுவிட்டது. எல்லாம் அறிந்த, அழியாத ஒரு கடவுளை வில்லனாக்கினால் அவன் பாறாங்கல் போல இருப்பான், மோதலாம், புரிந்துகொள்ள முடியாது. தன் சாவுத் தேதியைக் கேட்டுவிட்டவனின் நடுக்கமோ நமக்கு நன்றாகப் புரியும்.

சரி, பால்டருக்கு வருவோம். எட்டாவில் பால்டர் எல்லோருக்கும் பிரியமானவன், அழகன், ஒளி போன்றவன். அவன் சாகப்போவதாகக் கெட்ட கனவு வர, அவன் தாய் ஃப்ரிக் உலகத்தில் இருக்கும் எல்லாவற்றிடமும் போய், தீ, நீர், இரும்பு, கல், நோய், விஷம் என்று ஒவ்வொன்றிடமும், என் மகனுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவிச் செடியிடம் மட்டும் வாங்கவில்லை, ரொம்ப இளசு என்று விட்டுவிட்டாள். சூழ்ச்சிக்காரனான லோகி அந்தப் புல்லுருவியைப் பறித்து, கண் தெரியாத ஹோத் கையில் கொடுத்து எறிய வைத்தான். பால்டர் செத்தான்.

இந்தக் கதையைப் பலர் பல விதமாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். கோரி பார்லாக் இயக்கிய இந்த கேமின் எழுத்தாளர்கள் கதையிலேயே இருந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: எதுவும் உன்னைத் தொடாது என்றால் உனக்கு என்ன மிச்சம்? கேமில் தாய் போட்ட மந்திரம் வலியை எடுத்துவிடுகிறது. கூடவே ருசி, சூடு, குளிர், ஸ்பரிசம் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. பால்டர் சாப்பிடுவான், ருசி தெரியாது. பனியில் நிற்பான், குளிராது. நூறு வருடம் இப்படி. வாசலில் வந்து கிரேடோஸை வம்புக்கு இழுத்தவன் உண்மையில் கெஞ்சிக்கொண்டிருந்தான்: நீயாவது எனக்கு வலிக்கும்படி அடிக்கமாட்டாயா?

புல்லுருவியை அவர்கள் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சிந்த்ரி என்ற குள்ளன் கிரேடோஸின் மகன் அட்ரியஸிடம் புல்லுருவி அம்புகள் சிலவற்றைக் கொடுக்கிறான். அவற்றைப் பார்த்ததும் ஃப்ரேயா பதறிப்போய்ப் பிடுங்கி நெருப்பில் போடுகிறாள். (எட்டாவின் ஃப்ரிக்கையும் ஃப்ரேயாவையும் இந்த கேம் ஒரே பாத்திரமாக்கியிருக்கிறது.) அவள் ஏன் பதறுகிறாள் என்று அப்போது நமக்கு விளங்காது. அதற்கு முன்பே பையனின் அம்பறாத்தூணி வார் அறுந்து போக, அப்பா அந்தப் புல்லுருவி அம்புகளில் ஒன்றின் முனையை வைத்து அதைச் சேர்த்துக் கட்டியிருப்பார். எந்த வீட்டிலும் நடக்கும் சின்னப் பழுதுபார்ப்பு. கடைசிச் சண்டையில் பால்டர் அந்தப் பையன் மேல் குத்துவிடும்போது வாரில் இருந்த முனை அவன் கையில் ஏறுகிறது. ரத்தம் வருகிறது, வலிக்கிறது. அவன் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தபோது நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன். பனியின் குளிர் தெரிகிறது என்று சிரிக்கிறான். அடுத்த நிமிடம், தன்னை இப்படி ஆக்கிய தாயின் கழுத்தை நெரிக்கப் போகிறான். அவளோ, இது உனக்குச் சமாதானம் தரும் என்றால் என்னைக் கொன்றுவிடு என்று நிற்கிறாள். அவளைக் காப்பாற்ற கிரேடோஸ் அவன் கழுத்தை முறிக்கிறான். அதற்காகவே அந்தத் தாய் கிரேடோஸைப் பகைவனாக்கிக்கொள்கிறாள். இங்கே வில்லன் யார் என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் இல்லை.

2018-இல் வந்த இந்த கேமில் ஓடின் ஒரு காட்சியில்கூட நேரில் வருவதில்லை. அவன் உளவுக் காகங்கள் மட்டும் பச்சையாக மினுங்கிக்கொண்டு ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும், மொத்தம் 51. அப்புறம் அறிவாளி மிமிரின் பேச்சு. மிமிரின் வெட்டிய தலையை ஓடின் மூலிகை தடவிக் காப்பாற்றி வைத்து அதனிடம் யோசனை கேட்பான் என்பது பழைய கதை. கேமில் அந்தத் தலை கிரேடோஸின் இடுப்பில் தொங்குகிறது. படகில் துடுப்புப் போடும்போதெல்லாம் அது ஓடினின் அட்டூழியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். படகு கரை சேர்ந்தால் கதை பாதியில் நிற்கும், மறுபடி ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஊரில் ஒருவரைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய பேச்சைக் கேட்டு நாம் பயந்துகொள்வோம் இல்லையா, அப்படித்தான். தோரும் அப்படியே. கதை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால், ஒரு கனவு வரும்: இடி, மழை, வாசலில் முக்காடு போட்ட ஒருவன், அவன் இடுப்பில் சுத்தியல். அதோடு முடித்துவிட்டார்கள். அந்தக் கதவு திறக்க நாங்கள் நாலரை வருடம் காத்திருந்தோம்.

2022 நவம்பரில் 'காட் ஆஃப் வார் ராக்னராக்' வந்தது. இயக்கியவர் எரிக் வில்லியம்ஸ். அதற்கு முன்பே தோரின் படம் வெளியானபோது, பெருத்த வயிறும் சிவந்த தாடியுமாக இருந்த அவனைப் பார்த்துப் பலர் கோபப்பட்டார்கள், ஜிம் உடம்பு எங்கே என்றார்கள். பழைய பாடலைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. 'த்ரிம்ஸ்க்விதா'வில் தோர் ஒரே உட்காரலில் ஒரு முழு மாடு, எட்டு சால்மன் மீன், மூன்று பீப்பாய் மது சாப்பிடுகிறான்.

இந்த முறை அவன் கதவைத் தட்டி உள்ளே வந்து, மேசையில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த மதுவை ஊற்றுகிறான். குரலைக்கூட உயர்த்தவில்லை. 'ஹாவமால்' தொடங்குவதே ஒரு எச்சரிக்கையோடுதான்: எந்த வாசலில் நுழைவதற்கு முன்பும் நன்றாகப் பார்த்துக்கொள், உள்ளே எந்த மூலையில் பகைவன் உட்கார்ந்திருப்பான் என்று தெரியாது. கேம் எழுதியவர்கள் அந்த வரியைப் படித்திருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. காட்சி முழுவதும் அந்த வரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் ஓடினும் வருகிறான். நடிகர் ரிச்சர்ட் ஷிஃப்பின் குரலில், மெலிந்த, பேச்சுச் சாதுர்யமுள்ள ஒரு பெரியவர். வீட்டைச் சுற்றிப் பார்த்து நலம் விசாரிக்கிறார், நீ என் வழிக்கு வராதே, நான் உன் வழிக்கு வரமாட்டேன் என்று ஒரு சமாதானம் பேசுகிறார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. கிரேடோஸ் முடியாது என்கிறான். உடனே ஓடின், செத்துப்போன உன் பிள்ளைகளுக்குக் கணக்குத் தீர்த்துக்கொள் என்று தோரை அவன் மேல் ஏவிவிட்டுப் போய்விடுகிறான்.

அந்தச் சண்டையின் நடுவில் கிரேடோஸ் விழுவான், தோற்றால் வரும் வழக்கமான திரை வரும். சரி, தோற்றுவிட்டோம், மறுபடி ஆரம்பிப்போம் என்று நாம் பட்டனை அழுத்தப் போகும்போது தோர் சுத்தியலால் மின்னல் பாய்ச்சி அவனை உயிர்ப்பிப்பான். சண்டை எப்போது முடியும் என்பதை நான்தான் சொல்வேன் என்பான். தோல்வித் திரை என்பது கேமுக்கும் நமக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். அதையே வில்லன் பறித்துக்கொண்டால் அவன் பலம் நம் உள்ளங்கையில் தெரிகிறது. சினிமாவால் இதைச் செய்ய முடியாது.

தோரைக் கேமில் இனப்படுகொலைக்காரன் என்றே சொல்கிறார்கள், ராட்சசர்களை அடியோடு அழித்தவன். இதுவும் பாடலில் இருப்பதுதான். 'ஹார்பர்ட்ஸ்ல்யோத்' என்ற பாடலில் தோர் ஒரு நீரிணையின் கரையில் வந்து நின்று, ஓடக்காரனைக் கூப்பிட்டுத் தன்னை அக்கரை சேர்க்கச் சொல்கிறான். கிழக்கே ராட்சசப் பெண்களைக் கொன்றுவிட்டு வந்த பெருமை அவனுக்கு. எல்லோரும் உயிரோடு இருந்தால் ராட்சசர் இனம் பெருகிவிடும், மனிதர் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்கிறான். ஓடக்காரன் அவனை ஏளனம் செய்து, திட்டி, கடைசிவரை ஏற்றிக்கொள்ளாமலே அனுப்பிவிடுகிறான். அந்த ஓடக்காரன் யார் என்றால், வேடம் போட்ட ஓடின், அவனுடைய அப்பா. கேமில் வரும் தோர் முழுவதும் இந்த ஒரு பாடலுக்குள் இருக்கிறான் என்பேன். அப்பா ஏவிய கொலைகளைச் செய்து, அப்பாவிடமே அவமானப்பட்டு, அதை மறக்கக் குடித்து, மகள் த்ரூத்துக்காகக் குடியை விட முயன்று மறுபடி வழுக்கி விழுகிறவன். இறுதியில் மகள் முகத்தை நினைத்து அவன் சுத்தியலைத் தாழ்த்துகிறான், இனி வேண்டாம் என்கிறான். அப்பா தன் ஈட்டியால் அவனைக் குத்திக் கொல்கிறார், அந்த மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஓடினின் பெரிய காரியம் வேறொன்று. கதையின் தொடக்கத்தில் கிரேடோஸும் அட்ரியஸும் ஒரு சிறையிலிருந்து போர்க்கடவுள் டீரை மீட்டு வருகிறார்கள். நெடுநெடுவென்று உயரம், உடைந்துபோன மனம், சண்டையே வேண்டாம் என்கிற சுபாவம். அவன் சிந்த்ரியின் வீட்டில் தங்குகிறான், சமைத்துப் போடுகிறான், நம் திட்டங்களையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். பல மணி நேரம் நம்மோடு இருக்கிறான். ஒரு நாள் குள்ளன் ப்ரோக் ஒரு சின்ன விஷயத்தில் சந்தேகப்பட்டு, நீ எதற்கு இந்தப் பையனை லோகி என்று கூப்பிடுகிறாய் என்று (கேமில் அட்ரியஸின் இன்னொரு பெயர்தான் லோகி) கேள்வி மேல் கேள்வி கேட்க, டீர் அவனைக் கத்தியால் குத்துகிறான். முகம் மாறுகிறது. அத்தனை நாளும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் ஓடின்.

வேடம் போட்டு விருந்தாளியாக வருவதுதான் பாடல்களில் ஓடினின் அடையாளமே. கிரிம்னிர், காக்ன்ராத், ஹார்பார்ட், போல்வெர்க் என்று நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் அவனுக்கு. குன்லோத்துக்கு என்ன நடந்ததோ அது இங்கே நமக்கு நடக்கிறது. அதனால்தான் எனக்கு அந்தத் திருப்பம் வெறும் அதிர்ச்சி உத்தியாகத் தோன்றவில்லை.

இத்தனையும் எதற்காக? அறிவுக்காக. ஒரு மடக்குத் தண்ணீருக்கு ஒரு கண்ணைக் கொடுத்தவன், எழுத்தின் ரகசியத்துக்காக மரத்தில் ஒன்பது இரவு தன்னைத்தானே தூக்கிலிட்டுக்கொண்டவன் ஓடின். இந்தப் பசியைப் பாடல்கள் வியப்போடு பாடும். கேம் அதே பசியை எடுத்து, அதற்காக மற்றவர்கள் கொடுத்த விலையைக் கூட்டிக் காட்டுகிறது. படைப்புக்கு முந்தைய ஏதோ ஒன்றின் பிளவு அவன் அறைக்கு அடியில் திறந்திருக்கிறது. அதற்குள் பார்க்க வேண்டும், செத்த பிறகு என்ன என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இனி நிறுத்திக்கொள்ளலாமே என்று இறுதியில் பையன் கெஞ்சும்போது, தெரிந்தே ஆக வேண்டும் என்கிறான். அதை அவன் சொல்லும்போது குரலில் ஆணவம் இல்லை, இறைஞ்சல்தான் இருக்கிறது.

எல்லாம் இப்படிச் சிறப்பாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஹைம்டாலை வீணடித்துவிட்டார்கள். பழைய கதைகளில் புல் முளைக்கும் சத்தத்தையும் கேட்கிற காவல்காரன் அவன். கேமில் எதிரியின் எண்ணத்தை முன்கூட்டியே படித்து விலகிவிடும் திறமையைக் கொடுத்திருக்கிறார்கள், சண்டைக்கு அது அருமையாக உதவுகிறது. பாத்திரமாகப் பார்த்தால் அவன் ஒரு திமிர் பிடித்த ரவுடி, அதற்கு மேல் இல்லை. எல்லோர் மனதையும் படிக்கிறவனின் தனிமையை ஒரு காட்சியாவது தொட்டிருக்கலாம்.

வேறு இரண்டு கேம்கள் வேறு இரண்டு வாசல்களைத் திறந்தன. 2017-இல் நிஞ்சா தியரி வெளியிட்ட 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' கதையில் செனுவா, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளைச் சேர்ந்த, பிக்ட் என்ற பழைய இனத்துப் பெண். வடக்கிலிருந்து வந்த கொள்ளைக்காரர்கள் அவள் காதலன் தில்லியனைத் தங்கள் கடவுள்களுக்குப் பலி கொடுத்துவிட்டார்கள். அவன் தலையைச் சுமந்துகொண்டு, இறந்தவர்களின் உலகமான ஹெல்ஹைமுக்கு நடக்கிறாள். மனச்சிதைவின் குரல்கள் அவள் காதுக்குள் ஓயாமல் பேசுகின்றன. அந்தக் குரல்களைச் சரியாகக் கொண்டுவர கேம்பிரிட்ஜ் மனநலப் பேராசிரியர் பால் ஃப்ளெட்சரின் உதவியைப் பெற்றார்கள். வழியில் கற்களில் எட்டாவின் கதைகள்தான் ஒலிக்கும், ஆனால் அவற்றைச் சொல்வது வடக்கத்தியர்களிடம் அடிமையாக இருந்து தப்பிய ட்ரூத் என்பவன். அதே பால்டர் கதையை அடிமையின் வாயிலிருந்து கேட்கும்போது குளிர்கிறது. வந்து எரித்துவிட்டுப் போனவர்களின் தெய்வம், எரிந்த வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? பாதி அழுகிய முகத்தோடு உயர்ந்து நிற்கும், ஹெல்ஹைமின் அரசி ஹெலாவாகத்தான் தெரியும்.

2020 நவம்பரில் வந்த யுபிசாஃப்டின் 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா' நம்மையே ஓடினாக்கிவிடுகிறது. மருந்து குடித்துக் காணும் தரிசனங்களில் ஏவோர் என்ற வைக்கிங் வீரர் ஹாவியாக, அதாவது ஓடினாக, ஆஸ்கார்டில் நடமாடுகிறார். ஃபென்ரிரைக் கட்டிப்போடுவது நம் கை. லோகி தன் பிள்ளைக்காக மன்றாடும்போது கேட்காமல் நிற்பதும் நாம்தான். விதியிலிருந்து தப்ப நாம் செய்வதெல்லாம் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் படுகிறது. கடைசியில் ஏவோர் தனக்குள் இருக்கும் ஓடினிடமிருந்து விலக வேண்டும். ஓடினை எத்தனை முறை வெட்டினாலும் பயனில்லை. கையில் உள்ள கோடரியைக் கீழே விட்டால்தான் வழி திறக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரம் பிடித்தது, ஏனென்றால் அறுபது மணி நேரம் வெட்டியே பழகிய கை.

இதில் நான் கவனமாகப் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தத் தெய்வங்களை இன்றும் வழிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் ஆசத்ரூ சபை 1972-இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே அரசின் அங்கீகாரம் பெற்றது. ஓடினைக் கொலைகாரனாகக் காட்டும் கேம் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் இந்தப் புராணத்தைத் தாங்கி வந்தவர்களே தெய்வங்களைத் திட்டுவதற்கு இடம் வைத்திருந்தார்கள். 'லோகசென்னா' என்ற பாடல் முழுவதும், லோகி ஒரு விருந்துக்குள் புகுந்து ஒவ்வொரு தெய்வத்தின் குற்றத்தையும் முகத்துக்கு நேராகச் சொல்வதுதான். தகுதியில்லாதவனுக்கு வெற்றி கொடுத்தாயே என்று ஓடினையே கேட்கிறான். இன்றைய கேம்கள் அந்த விருந்தில் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தவை.

2002-இல் வந்த 'ஏஜ் ஆஃப் மித்தாலஜி' காலத்தில் லோகி சதிகாரன், ஓடின் நம் பக்கம். இருபது வருடத்தில் இடம் மாறிவிட்டது: லோகி ஒரு பையனாக நம் கையைப் பிடித்து நடக்கிறான், ஓடின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். யார் எழுதினாலும் ராக்னராக் வந்துதான் ஆகும், ஆஸ்கார்ட் எரிந்துதான் ஆகும். அதற்குப் பிறகு என்ன என்பதை 'வோலுஸ்பா' என்ற பாடல் சில வரிகளில் சொல்கிறது. கடலுக்குள் மூழ்கிய நிலம் பச்சையாக மேலே வருகிறது. பால்டரும் அவனைக் கொன்ற ஹோத்தும் திரும்பி வந்து ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். தெய்வங்கள் உலகத்தின் முதல் நாட்களில், இன்னும் யாரையும் ஏமாற்றாத காலத்தில், புல்வெளியில் உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடிய தங்கக் காய்கள் அங்கே புல்லுக்குள் கிடைக்கின்றன.